கடைசிச் சொட்டு வரை

அத்தியாயம் 6

"நாலு பாட்டில். நாலும் விஷம்," என்று சொல்லி மாண்புமிகு அமெட்டெபே துணிப்பையை மேஜைமேல் வைத்தார்.

பையிலும் அவர் முகம்தான் அச்சடித்திருந்தது. மாவட்ட மன்றத் தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள். அதற்குள் இந்த ஏரிக்கரையில் தன் முகம் பதியாத சுவரோ சட்டையோ சாக்கோ மிஞ்சக்கூடாது என்று வேண்டுதல்போலும். ஒரே ஒரு தடவை மன்ற உறுப்பினராக இருந்துவிட்டு, மாண்புமிகு என்று சொல்லாமல் கூப்பிட்டால் திரும்பியே பார்க்காத மனிதர்.

செஃபாகோர் பையைத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷம் போலீஸில் இருந்து, மேலதிகாரிகளின் மூளையைச் சகிக்க முடியாமல் வெளியே வந்தவள் அவள். இப்போது தலைமுடி பின்னும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவளுடைய உதவியாளன் டோட்சே. நாற்பதைத் தொடப்போகிறவன். அதில் பாதியை மினி பஸ் படிக்கட்டில் தொங்கிக் கண்டக்டராகக் கழித்ததால் வாய் மட்டும் மூடவே மூடாது.

"பையில ஐயா முகத்தைப் பாத்ததுமே நெனச்சேன்," என்றான் டோட்சே. "உள்ள ஏதோ ஆபத்தான சரக்குன்னு."

அமெட்டெபே அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் தங்கை என்யோனம் நெத்திலியைப் புகைபோட்டு விற்கிறவள். அடுப்பின் கம்பிவலை காலைக் கிழித்தது. புண் பழுத்து, கிருமி ரத்தத்திலேயே ஏறிவிட்டது. இரண்டு மருந்துக்கு மசியாத கிருமி மூன்றாவதான வான்கோமைசினுக்கு மசிய ஆரம்பித்தது. பொடியாக வரும் மருந்து. உப்புத் தண்ணீர் பாட்டிலில் கலந்து நரம்பில் ஏற்றுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. ஆனால் சாயங்கால பாட்டில் மாட்டிய அரை மணியில் என்யோனம் அலறுகிறாள். கழுத்தும் மார்பும் எரிகிறது, அரிக்கிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. வெள்ளிக்கிழமை நினைவே தப்பிவிட்டது.

"புதன், வியாழன், வெள்ளி, ஞாயிறு. நாலு தடவை," என்றார் அமெட்டெபே. "நாலு தடவையும் டூட்டியில இருந்தது ஒரே நர்ஸ். யாய்ரா. அவ சித்தப்பன் யார் தெரியுமா? எதிர்க்கட்சி! என்னை அசிங்கப்படுத்த என் தங்கச்சி உடம்புல விஷம் ஏத்தறா. நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. நான் மைக்ல படிக்கறேன்."

"பாட்டில் எப்படி உங்க கைக்கு வந்துது?"

"அவ அலறின உடனே நானே கழட்டிட்டேன். யாரையும் தொடவிடலை. ஆதாரமாச்சே!"

செஃபாகோர் ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. இரண்டாவதைக் கவிழ்த்தாள். மூன்றாவதை. நாலாவதைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

"வழியில தாகம் எடுத்துதா ஐயா?" என்றான் டோட்சே.

"வாயை மூடு," என்றாள் செஃபாகோர். அமெட்டெபேயிடம், "இன்னைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வருவீங்க இல்லையா?" என்று கேட்டாள்.

"வராம? கடைசிச் சொட்டு வரைக்கும் தங்கச்சி பக்கத்துலயே இருப்பேன். ஊருக்கே தெரியும்."

*

டோட்சேயின் மோட்டார் சைக்கிள் வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு போனது. அன்லோகா ஊரைத் தாண்டி அரை மணி தூரத்தில் ஆஸ்பத்திரி.

"மேடம், பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு விஷம் வச்சா சொத்துக்குன்னு சொல்லலாம். நெத்திலி விக்கிறவளுக்கு எவன் வைப்பான்?"

"அதான் நானும் யோசிக்கறேன்."

"அதுவும் பாட்டில்ல. சூப்புல வச்சா சுலபமாச்சே."

"உன்னை வேலைக்கு வச்சது எனக்கு நானே வச்ச விஷம். ரோட்டைப் பாத்து ஓட்டு."

டாக்டர் அவுனி வடக்கிலிருந்து வந்தவர். ஒட்டுமொத்த வார்டுக்கும் ஒற்றை டாக்டர். நாலு நாளாகத் தூங்காத கண். அவர் மேஜையில் என்யோனத்தின் ஃபைல் திறந்து கிடந்தது. பக்கத்தில் நர்ஸ் யாய்ரா. இருபத்தாறு வயசுப் பெண். அழுது முடித்து, அழுகை தீர்ந்து, இப்போது கோபத்தில் நின்றிருந்தாள்.

"நாளைக்கு யூனிஃபாரத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க மேடம்," என்றாள். "விசாரணை முடியற வரைக்கும்னு சொல்றாங்க. இந்த ஊர்ல எந்த விசாரணை முடிஞ்சிருக்கு?"

டாக்டர் ஃபைலைத் தட்டினார். "அவ வேலை ஒரு பக்கம். இந்தப் பொண்ணு உயிர் இன்னொரு பக்கம். இன்னைக்கு நாலு மணிக்கு நான் முடிவெடுத்தாகணும். இதுல 'ஒவ்வாமை'ன்னு எழுதிட்டா இனி யாரும் இவளுக்கு இந்த மருந்தைத் தொடமாட்டாங்க. இதுக்கு மேல குடுக்க என்கிட்ட வேற மருந்து கிடையாது. அண்ணன்காரர் ஜெப முகாமுக்குத் தூக்கிட்டுப் போறேங்கறார். அங்க மருந்தே குடுக்கமாட்டாங்க, போனா ஞாயித்துக்கிழமை தாண்டமாட்டா."

"இது ஒவ்வாமைதானா?"

"வேகமா ஏத்தினாலும் இதே மாதிரி வரும். புத்தகத்துல 'உடம்பு சிவக்கும்'னு போட்டிருக்கு. எழுதினவன் வெள்ளைத் தோலைப் பாத்து எழுதியிருக்கான். நம்ம தோல்ல எங்க சிவக்கப் போகுது? எரியுதுன்னு அவங்க சொன்னாத்தான் உண்டு. ஆனா மேடம், வியாழக்கிழமை நானே நின்னு சொட்டு எண்ணி வச்சேன். நிமிஷத்துக்கு அம்பது. ஆபரேஷனுக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள அலறிட்டா."

"அம்பது சொட்டுன்னா ஒரு பாட்டில் எவ்வளவு நேரம் ஓடும்?"

யாய்ரா பதில் சொன்னாள். "ஒரு மணி நாப்பது நிமிஷம். அதுக்குக் குறைஞ்சா நான் பொறுப்பில்லை. ஒவ்வொரு பாட்டில்லயும் பிளாஸ்திரி ஒட்டி, எத்தனை மணிக்கு எந்த மட்டம்னு கோடு போட்டுத்தான் மாட்டுவேன்."

"அரை மணியில அலறினா, பாட்டில்ல எவ்வளவு மிச்சம் இருக்கணும்?"

"பாதிக்கு மேலயே இருக்கும். ஆனா நான் ஓடி வர்றதுக்குள்ள மாண்புமிகு பாட்டிலைக் கழட்டி அக்குள்ல வச்சிருப்பாரு. 'ஆதாரம், தொடாதே'ன்னு கத்துவாரு. நான் நோயாளியைப் பாப்பேனா, அவர் அக்குளைப் பாப்பேனா?"

டோட்சே செஃபாகோரைப் பார்த்தான். செஃபாகோர் கூரையைப் பார்த்தாள். நாலு பாட்டிலும் காய்ந்து கிடந்தது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

"விடியற்காலை டோஸ்ல தொந்தரவு உண்டா?"

"ஒரு நாளும் இல்லை," என்றார் டாக்டர். "அதான் எனக்கே குழப்பம். ஒவ்வாமைக்கு விடியலும் தெரியாது, சாயங்காலமும் தெரியாது."

"சனிக்கிழமை சாயங்காலம்?"

"அன்னைக்கும் ஒண்ணும் இல்லை."

"யார் டூட்டி?"

"நான்தான்," என்றாள் யாய்ரா. "அதை எவனும் எழுதிக்கலை."

*

பெண்கள் வார்டில் இருபது கட்டில். பாட்டில் மாட்டும் ஸ்டாண்ட் ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்கு ஜன்னல் கம்பிதான்.

டோட்சே உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். "மேடம், பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பாருங்க. அக்கூன்னு பேரு. மகளுக்கு ஸ்டாண்ட் எப்ப கிடைக்கும்னு கண்ணு வச்சுட்டே உக்காந்திருக்கு. பஸ்ல சீட்டுக்கு நிக்கறவன் முகம் எனக்குத் தெரியாதா?"

அக்கூவுக்குக் காது நன்றாகக் கேட்டது. "ஏம்பா, எவ பாட்டில் எப்ப தீரும்னு பாத்தா கொலைகாரியா? சனிக்கிழமையும் நான் இங்கதான் இருந்தேன். அன்னைக்கு ஸ்டாண்ட் ஆறு மணிக்குத்தான் வந்துது. நிம்மதியா இருந்துது, அது வேற."

"எதுக்கு நிம்மதி?" என்று கேட்டாள் செஃபாகோர்.

"மாண்புமிகு வரலை. மேற்கால ஊர்ல பெரிய சாவு. துக்கத்துக்குன்னு கறுப்பும் சிவப்பும் உடுத்திட்டு அங்க போய் ஓட்டுக் கேட்டுட்டு இருந்தாராம். செத்தவரு மட்டும்தான் தப்பிச்சாரு."

வார்டு முழுக்கச் சிரித்தது. காய்ச்சல்காரிகள்கூடச் சிரித்தார்கள்.

"அவர் வந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்! நர்ஸெல்லாம் வெளிய நில்லும்பாரு. குடும்ப ஜெபமாம். எங்களையும் கண்ணை மூடச் சொல்லுவாரு. அந்த ஜெபம் எப்ப முடியும்னு கடவுளுக்கே தெரியாது. தலைவலியோட கண்ணைத் திறந்தா இந்தப் பொண்ணு அலறிட்டு இருக்கும்."

"ஒருத்தரும் கண்ணைத் திறந்து பார்க்கறதில்லையா?"

அக்கூ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெபத்துல கண்ணைத் திறக்கறதா? நீ எந்த ஊர்க்காரிம்மா?"

என்யோனம் சுவரோரம் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது. செஃபாகோர் குனிந்ததும், "அக்கா, எனக்கு இந்த மருந்து வேணும்," என்றாள். "எல்லாரும் என்னை எரிக்குதுன்னு சொல்றாங்க. ஆமா, எரிக்குது. ஆனா புதன்கிழமைக்கு முந்தி நான் என் மகன் பேரையே மறந்து கிடந்தேன். இப்ப ஞாபகம் இருக்கு. நிறுத்தச் சொல்லாதீங்க."

செஃபாகோர் அவள் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு வெளியே வந்தாள்.

வராந்தாவில் டோட்சே போனை நோண்டிக்கொண்டிருந்தான். "மேடம், காலையில நம்ம ஆபீஸ்ல உக்காந்த பத்து நிமிஷத்துல என்னைக் கேக்காமலே அவர் வாட்ஸப் குரூப்ல சேத்துட்டாரு. நானூத்திப் பன்னெண்டு பேர். தினம் ரெண்டு படம். வரும்போது ஒண்ணு, கிளம்பும்போது ஒண்ணு. கீழ பாருங்க, 'கடைசிச் சொட்டு வரை தங்கையின் அருகில் உங்கள் சேவகன்.' நூத்திப் பத்து பேர் கும்பிடு போட்டிருக்கான்."

"குடு இங்க."

அவள் வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்தாள். "பெருசாக்கு."

"இதுக்கு மேலயா? ஏற்கெனவே போன் முழுக்க அவர் பல்லுதான் தெரியுது."

"மூஞ்சியை விடு. அதுக்குப் பின்னால."

"பின்னால பாட்டில்தானே மேடம்..." டோட்சேயின் வாய் பாதியில் நின்றது. அது அபூர்வம்.

செஃபாகோர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல. போலீஸில் இருந்தபோது அந்தச் சிரிப்பைக் கண்டு மேலதிகாரிகளே லீவு போட்டிருக்கிறார்கள்.

"டாக்டர்கிட்ட ஒரு உதவி கேக்கணும்," என்றாள். "இன்னைக்கு நாலு மணி பாட்டில்ல மருந்து கலக்க வேண்டாம். வெறும் உப்புத் தண்ணி போதும். பிளாஸ்திரி மட்டும் வழக்கம்போல ஒட்டட்டும்."

*

நாலு அடித்து ஐந்து நிமிஷத்தில் மாண்புமிகு வந்தார். வெள்ளை அங்கி. பின்னால் படம் எடுக்க ஒருவன். முதல் வேலையாகத் தங்கையின் தலைமாட்டில் குனிந்து, போனைப் பார்த்துத் துயரமாக முகத்தை வைத்துக்கொண்டார். படம் சரியாக வரவில்லை. துயரம் இரண்டாவது தடவையும் வந்தது.

"நர்ஸுங்க வெளிய. டாக்டர், நீங்களும்தான். குடும்ப ஜெபம்." செஃபாகோரைப் பார்த்ததும், "நீங்க இருங்க. நீங்க நம்ம ஆளு," என்றார்.

"அந்தப் பாக்கியம் எனக்கு வேண்டியதுதான்," என்றாள் செஃபாகோர்.

"கண்களை மூடி ஜெபிப்போம்!"

இருபது கட்டிலிலும் கண்கள் மூடின. அக்கூ மூடினாள். படம் எடுப்பவன் மூடினான். டோட்சே கூடப் பழக்கதோஷத்தில் மூடி, இடுப்பில் ஒரு இடி வாங்கித் திறந்தான்.

மாண்புமிகு ஆண்டவரிடம் தன் தொகுதிச் சாலைகளைப் பற்றிப் பேசினார். குடிநீர்க் குழாய் பற்றிப் பேசினார். எதிரிகளின் நாக்கு என்ன ஆகவேண்டும் என்று பட்டியல் போட்டார். தங்கையின் பெயர் இன்னும் வரவில்லை. இடது கையை வானத்துக்கு உயர்த்தினார். வலது கை மெல்ல இறங்கி, ஸ்டாண்டிலிருந்து தொங்கிய குழாயைத் தடவி, அதிலிருந்த சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளியது.

வினாடிக்கு ஒரு சொட்டாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கோடாக ஓட ஆரம்பித்தது.

டோட்சே அந்த மணிக்கட்டைப் பிடித்தான். ஓடும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துப் பழகிய பிடி. "இறங்குங்க ஐயா," என்றான். "உங்க ஸ்டாப் வந்தாச்சு."

இருபது பேரும் கண்ணைத் திறந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து டாக்டரும் யாய்ராவும் வந்தார்கள். யாய்ரா சக்கரத்தைக் கீழே இறக்கி ஓட்டத்தை நிறுத்தினாள்.

மாண்புமிகு பயப்படுவார் என்று செஃபாகோர் எதிர்பார்த்தாள். பயமா? அவருக்குக் கோபம் வந்தது.

"இதுக்கா இந்த நாடகம்? ஆமா, தினம்தான் திறந்து விடறேன்! விடாம? இருக்கறதுலயே விலை கூடின மருந்தை நான் தேடி வாங்கித் தர்றேன். இந்தப் பொண்ணு அதைப் பிச்சை போடற மாதிரி சொட்டுச் சொட்டா விடறா. ஏழைக்குச் சொட்டட்டும். என் தங்கச்சிக்குமா? நல்ல மருந்துன்னா நல்லா ஓடணும். அதுவும் கடைசிச் சொட்டு வரைக்கும் இருப்பேன்னு ஊருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அஞ்சு மணிக்கு எனக்கு இன்னொரு எடத்துல கூட்டம். நான் என்ன ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்திருக்கவா?"

அக்கூ தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

டாக்டர் அவுனி மிகவும் மெதுவாகப் பேசினார். "ஐயா. இந்த மருந்து ஒரு மணி நாப்பது நிமிஷத்துல உள்ள போகணும். நீங்க இருபது நிமிஷத்துல ஊத்தியிருக்கீங்க. அதனாலதான் எரிச்சல், அரிப்பு, மயக்கம் எல்லாம். விஷமும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. வெள்ளிக்கிழமை இதயம் நின்னிருந்தா, நிறுத்தினது நீங்கதான்."

"எனக்கு யாரும் சொல்லலை!"

"சொன்னாங்க," என்றாள் செஃபாகோர். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீங்களே நானூத்திப் பன்னெண்டு பேருக்குச் சொல்லியிருக்கீங்க. இது வெள்ளிக்கிழமை. நாலு மணி ஆறு நிமிஷம், உங்க பல்லுக்குப் பின்னால பாட்டில் நிரம்பியிருக்கு. இது நாலு மணி இருபத்தெட்டு. தண்ணி அஞ்சு நாப்பதுங்கற கோட்டுக்கும் கீழ. யாய்ரா போட்ட கோடு அது. உங்க படத்துக்குள்ளயே கடிகாரத்தை ஒட்டி வச்சிருக்கா. கோட்டுக்கு மேல சிவப்பு மையில, ரெண்டு மொழியில என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவர் படிக்கவில்லை. அக்கூ எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "'மெதுவாக. சக்கரத்தைத் தொடாதே.'"

"நூத்திப் பத்து பேர் கும்பிட்டிருக்கான்," என்றான் டோட்சே. "ஒருத்தன்கூடப் படத்தைப் பாக்கலை. உங்க மூஞ்சி அவ்வளவு நல்லா மறைச்சிருக்கு ஐயா."

மாண்புமிகு செஃபாகோரின் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது. "மேடம், நீங்க என் ஆளு. விஷம் வைக்கறவங்களைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"கண்டுபிடிச்சாச்சே. ரிப்போர்ட் ராத்திரிக்குள்ள ரெடி. மைக்ல படிக்கறேன்னு சொன்னீங்க."

டாக்டர் ஃபைலை எடுத்தார். 'ஒவ்வாமை' என்று பென்சிலில் எழுதி வைத்திருந்ததை அழித்தார். அழித்த இடத்தில் பேனாவால், மருந்து தொடரும், ஒரு மணி நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல், நர்ஸ் யாய்ரா மட்டுமே தொடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாய்ரா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உண்மையான மருந்தைக் கலக்கப் போனாள்.

புதுப் பாட்டில் வந்தது. புதுப் பிளாஸ்திரி, புதுக் கோடுகள். யாய்ரா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை வாய்விட்டு எண்ணினாள். ஐம்பதில் நிறுத்தினாள்.

மாண்புமிகு அங்கியைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் காத்திருந்தது.

"அண்ணா." என்யோனத்தின் குரல் பலவீனமாகத்தான் வந்தது. ஆனால் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது. "எங்க போற? கடைசிச் சொட்டு வரைக்கும் என் பக்கத்துல இருப்பேன்னு ஊர் பூரா எழுதியிருக்கியாமே. வா. உக்காரு."

"மா, அங்க ஜனங்க..."

"ஒரு மணி நாப்பது நிமிஷம்தான். கையை மடியில வச்சுக்கோ. நான் பாக்கற மாதிரி வச்சுக்கோ."

அக்கூ தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார். வேறு வழியில்லை. இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பதினெட்டு பேருக்கு ஓட்டு இருந்தது.

சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. யாய்ராவின் முதல் கோட்டுக்குத் தண்ணீர் இறங்குவதற்குள் அவர் மூன்று தடவை நெளிந்து, நாலு தடவை தொண்டையைச் செருமினார். என்யோனம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எரியவில்லை.

கடைசியில் அவரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று இடது கையை வானத்துக்கு உயர்த்தினார்.

"கண்களை மூடி ஜெபிப்போம்!"

வார்டில் ஒருத்தியும் கண்ணை மூடவில்லை.